ஐந்தாவது ஹெல்ரெய்சர்: பின்ஹெட் எங்கே என்று கேட்பது தப்பான கேள்வி

ஹெல்ரெய்சர் என்ற திகில் படத் தொடரில் ஐந்தாவதான ஹெல்ரெய்சர்: இன்ஃபெர்னோ (2000) படத்தைத் திட்டுகிறவர்கள் முதலில் சொல்வது இதுதான்: அட்டையில் பின்ஹெட் முகம் பெரிதாக இருக்கிறது, படத்தில் ஆளைக் காணோம். புகாரில் தப்பில்லை. 99 நிமிடப் படத்தில் தலை முழுக்க ஆணி அறைந்த அந்த ஆள் வருவது மொத்தமே சில நிமிடங்கள்தான். நடுவில் ஒரு கணம் தலையைக் காட்டுகிறார், கடைசியில் வந்து பாடம் நடத்திவிட்டுப் போகிறார். ஆனால் 1987-இல் வந்த முதல் படத்திலும் அவருக்குப் பெரிய வேலை இல்லை. டைட்டில் கார்டில் பெயர்கூடக் கிடையாது, ‘தலைமை செனோபைட்’ அவ்வளவுதான் (நரகத்திலிருந்து வரும் உருவங்களுக்கு இந்தத் தொடரில் செனோபைட் என்று பெயர்). அதனால் நிமிடக் கணக்கு பார்த்து இந்தப் படத்தை ஒதுக்குவது சரியில்லை. கோளாறு வேறொரு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால், படம் எதைச் சரியாகச் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

நான்காவது படமான பிளட்லைன் (1996) கதையை 2127-ஆம் ஆண்டு விண்வெளி நிலையம்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தயாரிப்பாளர்கள் வெட்டிய வெட்டில் மனம் வெறுத்து இயக்குநர் கெவின் யாகர் தன் பெயரையே எடுத்துவிட, ஆலன் ஸ்மிதி என்ற பொய்ப்பெயரில்தான் அது வெளிவந்தது. அதற்குமேல் போக இடம் இல்லாத நிலையில் தொடர் தியேட்டரை விட்டு நேராக வீடியோவுக்கு இறங்கியது. அப்படி இறங்கிய முதல் படம் இது. ஸ்காட் டெரிக்ஸனுக்கு இயக்குநராக இதுதான் முதல் முழுநீளப் படம். பால் ஹாரிஸ் போர்ட்மேனோடு சேர்ந்து எழுதினார். கையில் காசு இல்லாதவர்கள் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்தார்கள். நரகத்தை செட் போட்டுக் காட்டாமல், ஒரு மனிதனின் தலைக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்தத் தலை டென்வர் நகரத் துப்பறியும் அதிகாரி ஜோசப் தோர்னுடையது. கிரெய்க் ஷெஃபர் நடித்திருக்கிறார். மூலக் கதையை எழுதிய கிளைவ் பார்க்கரின் நைட்பிரீட் (1990) படத்திலும் இவர்தான் நாயகன். தோர்ன் புத்திசாலி, சதுரங்கம், புதிர் என்றால் உயிர். கை மட்டும் சுத்தமில்லை. கொலை நடந்த இடத்திலேயே செத்தவனின் பணத்தையும் போதைப்பொருளையும் சுருட்டுகிறான். வீட்டில் மனைவியும் மகளும் காத்திருக்க, டாஃப்னி என்ற பாலியல் தொழிலாளியோடு மோட்டலில் இரவைக் கழிக்கிறான். கொலை நடந்த இடத்தில் கிடைத்த புதிர்ப்பெட்டியை, அதாவது திறந்தால் செனோபைட்டுகளை வரவழைக்கும் இந்தத் தொடரின் அந்தப் பெட்டியை, மோட்டல் குளியலறையில் உட்கார்ந்து திறக்கிறான். மறுநாள் டாஃப்னி பிணமாகக் கிடக்கிறாள். தடயம் தன்மேல் பாயாமல் இருக்க, கூட வேலை பார்க்கும் டோனியையே மாட்டிவிடும் அளவுக்குத் துணிகிறான்.

திரைக்கதையில் நின்று ரசிக்கவேண்டியது விரல் விவகாரம். முதல் கொலை நடந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்திக்குள் ஒரு குழந்தையின் விரல் இருக்கிறது. பிறகு கொலை விழும் இடத்தில் எல்லாம் இன்னொரு விரல். எல்லாம் ஒரே குழந்தையுடையவை, குழந்தை இன்னும் உயிரோடு இருக்கிறது. தனியாக ஒரு கடிகாரம் காட்டாமலே நேரம் போய்க்கொண்டிருப்பதை இது உணர்த்துகிறது. இன்னும் எத்தனை விரல் பாக்கி என்று பார்க்கிறவர் தானாகவே எண்ணத் தொடங்கிவிடுவார். பத்துப் பைசா செலவில்லாமல் இவ்வளவு பதற்றம் கிடைக்கிறது. இன்னொன்று, அந்த டோனியின் குடும்பப் பெயர் நெனோனென். ஆங்கிலத்தில் எழுதி வலமிருந்து இடமாகப் படித்தாலும் அதே பெயர்தான், நம்ம ‘விகடகவி’ மாதிரி. படத்தின் மொத்த வடிவமும் இந்த மாலைமாற்றுதான் என்பது இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் உறைக்கும்.

ஒப்பனைக்குப் பொறுப்பு கேரி டனிக்ளிஃப். முகத்தில் கண்ணே இல்லாத இரண்டு பெண் செனோபைட்டுகள் தோர்னின் நெஞ்சைத் தடவிக்கொண்டே தோலுக்கு அடியில் கையை நுழைக்கும் காட்சி, ஆசையும் அருவருப்பும் ஒரே நேரத்தில் வரும்படி எடுக்கப்பட்டிருக்கிறது. பிற்காலப் படங்களில் இந்தத் தொடர் அறவே தொலைத்துவிட்ட சுவை இது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கையால் ஊர்ந்து வரும் ‘சாட்டரர்’ உருவமும் நன்றாக வந்திருக்கிறது. திடுக்கிட வைக்கும் சத்தங்களை நம்பி எடுத்த படம் அல்ல. நடைபாதை, கதவு, வெறிச்சோடிய அறை என்று மெதுவாகத்தான் பிடி இறுகுகிறது.

இனி முடிவைத் தொடாமல் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் கடைசி இரண்டு பத்திக்குத் தாவிவிடலாம்.

இரண்டாம் படத்தில் (1988) பெட்டிக்கு ஒரு விதி உண்டு. யார் கை திறந்தது என்பது கணக்கில்லை, யாருடைய ஆசை திறக்கவைத்தது என்பதுதான் கணக்கு. அதில் பெட்டியைத் திறந்த சிறுமியைச் செனோபைட்டுகள் தொடாமல் விட்டுவிடுவதற்குக் காரணமே அதுதான். பார்க்கரின் செனோபைட்டுகள் பாவ புண்ணியம் பார்ப்பதில்லை; இன்பத்துக்கும் வலிக்கும் எல்லை எங்கே என்று ஆராய்கிறவர்கள். தோர்ன் பெட்டியைத் திறப்பது எந்த வெறியிலும் அல்ல, புதிர் கிடைத்தால் சும்மா இருக்கத் தெரியாத குணத்தில். அதற்குப் பின்ஹெட் கடைசியில் வந்து மனைவிக்கு என்ன செய்தாய், பெற்றவர்களை எப்படிக் கைவிட்டாய், நண்பனுக்கு என்ன துரோகம் செய்தாய் என்று ஏட்டைப் புரட்டுகிறார். செனோபைட் சித்திரகுப்தன் ஆகிவிட்டார். எந்தப் பாவத்துக்கு என்ன தண்டனை என்று கருட புராணம் பட்டியல் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பார்க்கருக்குப் படம் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டெரிக்ஸன் கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். ஐந்து வருடம் கழித்து இதே போர்ட்மேனோடு எழுதி எடுத்த எமிலி ரோஸ் பேயோட்டல் படமும் பாவம், நம்பிக்கை, தண்டனை என்றே சுற்றுகிறது. அவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது, கிடைத்த சட்டைதான் ஹெல்ரெய்சர். சட்டை பொருந்தவில்லை. பெட்டி, கொக்கிச் சங்கிலி, பின்ஹெட் மூன்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், கதையில் அநேகமாக ஒன்றும் கெடாது. தொடரின் ரசிகர்களுக்கு வரும் கோபத்துக்கும், ‘தனிப் படமாகப் பார்த்தால் அருமை’ என்று சொல்கிறவர்களின் பாராட்டுக்கும் வேர் இந்த ஒரே இடம்தான்.

சின்னக் குறைகளும் உண்டு. தோர்ன் தேடும் கொலைகாரனுக்கு ‘எஞ்சினியர்’ என்று பெயர். பார்க்கரின் குறுநாவலில் செனோபைட்டுகளின் தலைவனுக்கு அந்தப் பெயர், முதல் படத்தில் சுரங்கத்தில் துரத்தி வரும் ஜந்துவுக்கு அந்தப் பெயர். பழைய பெயர் என்று நிமிர்ந்து உட்காரும் ரசிகனுக்கு இங்கே மிஞ்சுவது ஏமாற்றம். காட்டுக்குள் சீட்டாட்ட விடுதியில் கௌபாய் தொப்பி போட்டவர்கள் குங்ஃபூ போடும் காட்சியைக் கனவு என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் சிரிப்பு வந்துவிடுகிறது. பெரிய தொந்தரவு தோர்னின் பின்னணிக் குரல். பழைய நுவார் படங்களின், அதாவது இருண்ட குற்றக்கதைப் படங்களின் பாணி என்பது புரிகிறது. ஆனால் முகத்தில் ஷெஃபர் ஏற்கெனவே காட்டிவிட்டதைக் குரல் மறுபடி சொல்கிறது. அது போதாதென்று உச்சக்கட்டத்தில் பின்ஹெட்டும் முழுக் கதையையும் விளக்குகிறார். அந்தப் பேச்சில் பாதியை வெட்டியிருந்தால் முடிவு இரண்டு மடங்கு உறுத்தியிருக்கும்.

பார்க்க நினைக்கிறவர்களுக்கு: முதல் இரண்டு படங்கள் தெரிந்தால் போதும், மூன்றும் நான்கும் தேவையில்லை. எதுவுமே தெரியாமல் பார்த்தாலும் கதை புரியும், சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் ஏமாற்றம் குறைவு. ரத்தத்தைவிட உடலுறவுக் காட்சிகளும் குழந்தை சித்திரவதை பற்றிய பேச்சும்தான் நெருடும். வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை. இரண்டாம் முறை பார்த்தால் ஜேம்ஸ் ரெமார் நடித்த மனநல மருத்துவரைக் கவனியுங்கள், அவர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் அர்த்தம் மாறிவிடும். செத்தவர்கள் ஒவ்வொருவரும் தோர்னுக்கு என்ன வேண்டும், அவர்களை அவன் எதற்குப் பயன்படுத்தினான் என்று பார்த்துக்கொண்டே வந்தால் ட்விஸ்ட் பாதியிலேயே பிடிபடும். அதனால் படம் கெடுவதில்லை.

இதற்கு அடுத்து வந்த ஹெல்சீக்கர் (2002) இதே அச்சில் வார்த்தது: நினைவு குழம்பிய ஓர் ஆண், நம்ப முடியாத காட்சிகள், கடைசியில் பின்ஹெட் வந்து விளக்கம். முதல் படத்தின் நாயகி கிர்ஸ்டியாக ஆஷ்லி லாரன்ஸ் திரும்பி வருவதால் ரசிகர்கள் சிலர் அதை மேலே வைக்கிறார்கள். திரைக்கதையில் இன்ஃபெர்னோதான் கெட்டி. இசையில் மட்டும் ஒரு ஏக்கம் மிஞ்சுகிறது: முதல் இரண்டு படங்களுக்குக் கிறிஸ்டோபர் யங் போட்ட கனத்த இசை இதில் இல்லை, வால்டர் வெர்சோவா, அதாவது இன்டெல் விளம்பரத்தின் அந்தச் சின்ன மணியோசையை அமைத்தவர், வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார். டெரிக்ஸனுக்கு யங் கிடைத்தது பிறகுதான், எமிலி ரோஸிலும் சினிஸ்டரிலும் (2012).