பேரணாம்பட்டில் தைத்த கைத்துப்பாக்கி உறை: ஓராண்டுக்குப் பின்

ஆந்திர எல்லையை ஒட்டிய மாந்தோப்பில் இரவு தங்க வேண்டியிருப்பதால் உரிமத்துடன் நான் வைத்திருக்கும் .32 ரிவால்வருக்கு, பேரணாம்பட்டுத் தோல் தொழிலாளி ஒருவரிடம் இடுப்புறை தைத்து வாங்கி ஓராண்டாகிறது. தடித்த எருமைத்தோல், இரட்டைத் தையல். மழைக்காலம் கடந்தும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டே எடுத்துச்செல்ல வேண்டுமென 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கூறுவதால், சட்டைக்கு மேல் துருத்தாத இவ்வுறை எனக்கு மிகவும் ஏற்றதாக உள்ளது.

குறை என்றால், உட்புறத்து இரும்புக் கொக்கிதான். அண்மையில் ஒரு பொதுக்கூட்டத்திற்குத் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, பழக்க தோஷத்தால் வெற்றுறையோடு போய்விட்டேன். மெட்டல் டிடெக்டர் வாயில் அலறியது. காவலர் உறைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "துப்பாக்கி எங்க சார்?" என்று கேட்டதும் பின்னால் நின்ற வரிசை இரண்டடி விலகியது. உரிமத்தைக் காட்டி விளக்குவதற்குள் கால்மணி நேரம் போயிற்று.

உரிமம் இருந்தால் ஆயுதத்தோடு எங்கும் நுழையலாம் என்றெண்ணி உறை வாங்குவோர் உரிமப் புத்தகத்தின் நிபந்தனைகளைப் படிப்பது நல்லது. திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியின்றி ஆயுதம் கொண்டுசெல்லக் கூடாது. உரிமத்தின் எல்லை தமிழ்நாடு மட்டும் என்றால், இடுப்பில் துப்பாக்கியோடு ஆந்திரத்திலுள்ள பலமநேருக்குப் பேருந்து ஏறவும் வழியில்லை.

விலை சற்று அதிகம்தான். கொக்கிக்குப் பதிலாகத் தோல் வளையம் வைத்துத் தருமாறு கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.