ஓய்வுக்குப் பிறகு எந்த வீடு: பிள்ளைகளோடா, பக்கத்துத் தெருவிலா, தனியாகவா?

பணி ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் கோடை கொஞ்சம் மயக்கமான காலம். பள்ளி விடுமுறை என்பதால் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிவிடுகிறார்கள். இத்தனை வருடமாகத் தள்ளிப்போட்ட தோட்டமும் தையலும் மரவேலையும் இப்போதுதான் கைக்கு எட்டுகின்றன. அதோடு, இனிமேல் எங்கே குடியிருப்பது என்ற பேச்சும் தினமும் எழுகிறது. கூடம் நிறையப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கும்போது, இன்னும் பெரிய கூடம் வேண்டும் என்றுதான் தோன்றும். அந்த நினைப்பிலேயே முன்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பள்ளி திறந்த பிறகு அந்தப் பெரிய கூடத்தைப் பெருக்கித் துடைக்க இரண்டு பேர்தான் மிச்சம்.

நானும் மனைவியும் இந்தக் கோடை முழுக்க இதையே பேசி, பல வீடுகளைப் போய்ப் பார்த்து வந்தோம். பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பது, அவர்களுக்கு அருகில் தனி வீடு, ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்பு, இருக்கிற வீட்டிலேயே இருந்துகொள்வது, பிடித்த ஊருக்குப் போய்விடுவது என்று எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பின், சாதாரண வேலைநாளில், அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் பொழுது எப்படிப் போகும்? வருடத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்ட நாட்கள்தான்.

ஒரே வீட்டில்

பிள்ளைகளோடு சேர்ந்து இருப்பதன் நன்மைகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செலவு குறையும். நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் கூப்பிட ஆள் இருக்கும். பேத்தி பேசப் பழகுவதைத் தினமும் பக்கத்தில் இருந்து கேட்கலாம். இந்தக் கடைசி விஷயத்துக்கு வேறு எந்த ஏற்பாடும் ஈடாகாது.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது உடலுக்கும் நல்லது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. பெர்லினில் 70 வயதைத் தாண்டிய 500-க்கும் மேற்பட்டவர்களை 1990 முதல் 2009 வரை கவனித்த ஆய்வில், அவ்வப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள். பேரப்பிள்ளைகளை முழுப்பொறுப்பில் எடுத்து வளர்த்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2014-இல் வெளியான மெல்பர்ன் ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. 57 முதல் 68 வயது வரையுள்ள 186 பெண்களைச் சோதித்தார்கள். வாரம் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிகள் மூளைத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். ஐந்து நாளோ அதற்கு மேலோ பார்த்துக்கொண்டவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கினார்கள். சிறிய ஆய்வுதான். எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சரி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாரம் ஒரு நாள்தான் என்று அளவு வைக்க முடியுமா? மகள் வேலைக்குக் கிளம்பும்போது பாட்டி வீட்டில்தானே இருக்கிறார். யாரும் திட்டமிடாமலேயே ஒரு நாள் ஐந்து நாளாகிவிடும். அதிலும் சமையலும் குழந்தையும் பெரும்பாலும் பாட்டி தலையில்தான் விழும். தாத்தா நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். இதை முதலிலேயே உட்கார்ந்து பேசாத வீட்டில், ஓய்வு பெற்றது தாத்தா மட்டும்தான் என்றாகிவிடுகிறது.

இன்னொன்று, யாரும் அவ்வளவாகக் கவனிக்காத விஷயம். என் மனைவிக்கு ஒட்டுத்துணி விரிப்புகள் தைப்பதில் உயிர். வெட்டிய துண்டுகளை நிறம் பார்த்துத் தரையில் அடுக்குவார், குண்டூசி குத்துவார், இரண்டு மூன்று நாள் அப்படியே போட்டு வைத்து, போக வர ஒரு பார்வை பார்த்து, ஏதாவது ஒரு துண்டை இடம் மாற்றிவிட்டுத்தான் இயந்திரத்தில் உட்காருவார். மகள் வீட்டில் தங்கியிருந்தபோது சாயங்காலம் ஆனதும் எல்லாவற்றையும் வாரிப் பெட்டியில் போட வேண்டியிருந்தது. குழந்தை தவழும் தரையில் ஊசி கிடக்கக் கூடாதே. மறுநாள் திரும்ப அடுக்கவே அரை நாள் போய்விடும். கொஞ்ச நாளில் அந்தப் பெட்டியைத் திறப்பதே நின்றுவிட்டது. யார் மீதும் குறை இல்லை. வீட்டில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். பாதியில் நிற்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வர ஓர் அறை, குறைந்தபட்சம் ஒரு மூலை வேண்டும். வீடு பார்க்கப் போனால், படுக்கையறை எத்தனை என்பதற்கு முன் நான் கேட்பது அதைத்தான்.

பக்கத்துத் தெருவில்

வியன்னாவைச் சேர்ந்த சமூகவியலாளர்கள் லியோபோல்ட் ரோசன்மைரும் ஈவா கொக்கெய்ஸும் முதியவர்களை ஆராய்ந்து 1963-இல் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது. அவர்கள் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருக்க ஆசைப்படவில்லை. விலகிப் போகவும் ஆசைப்படவில்லை. தனி வாசல் வேண்டும், கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்தில் பிள்ளைகள் இருக்க வேண்டும், இதுதான் அவர்கள் விருப்பமாக இருந்தது.

எங்கள் மனதுக்கும் இதுதான் ஒத்துவருகிறது. எவ்வளவு அருகில் என்பதில்தான் சூட்சுமம். அடுத்த வாசல் என்றால் யார் வந்தார்கள், எப்போது விளக்கை அணைத்தார்கள் என்பது வரை இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். வண்டி எடுத்துத்தான் போக முடியும் என்றால், வண்டி ஓட்டுவதை நிறுத்தும் நாளில் உறவும் குறைந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்து போகும் தூரம் நல்லது. நடுவில் பெரிய சாலை குறுக்கிடாமல் இருந்தால் இன்னும் நல்லது. நாலைந்து வருடத்தில் பேரனே தனியாக வந்துவிடுவான். விருந்தாளியாகக் கூட்டிவரப்படாமல், அவனாக நினைத்தபோது வருகிற பேரன்.

இந்த வழியில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு வேலை மாறும், ஊர் மாறும். உங்கள் வீட்டை விற்று அவர்கள் தெருவில் வாங்கிய பிறகு அவர்கள் கிளம்பிவிட்டால், நண்பர்களும் இல்லாத, பிள்ளைகளும் இல்லாத ஊரில் நீங்கள் இருப்பீர்கள். ஆகவே அந்த ஊர் உங்களுக்கே தனியாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அங்கே நூலகமோ, நீச்சல் குளமோ, பாட்டுக் குழுவோ, சதுரங்கம் ஆட நாலு பேரோ உண்டா? இல்லையென்றால் உங்கள் பகல் முழுவதும் அவர்கள் சாயங்காலம் வீடு திரும்புவதற்கான காத்திருப்பாக மாறிவிடும். அது அவர்களுக்கும் பாரம். அப்புறம், மருமகனிடமோ மருமகளிடமோ நேராகக் கேட்டுவிடுங்கள். மகள் தலையாட்டினால் போதாது.

ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்பு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டி என்ற ஓய்வுபெற்றோர் குடியிருப்பு திறக்கப்பட்டபோது, கட்டுநர் டெல் வெப் மாதிரி வீடுகளோடு பொழுதுபோக்கு மையத்தையும் கோல்ஃப் மைதானத்தையும் கடைகளையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார். ஓய்வுபெற்றவர் தேடுவது வீட்டை மட்டுமல்ல, காலையில் எழுந்து போக ஓர் இடத்தையும் கூட்டாளிகளையும்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் இத்தகைய குடியிருப்புகள் மற்ற எல்லா வழிகளையும் முந்துகின்றன. ஒரே வயது, ஒரே ஓய்வு நேரம். சீட்டாட்டத்துக்கும் தோட்டத்துக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. குழாய் ஒழுகினால் பார்க்கவும் ஆள் உண்டு.

எனக்குத் தயக்கம் வேறு இடத்தில். எல்லா வேலையையும் மற்றவர் செய்துகொடுப்பது அவ்வளவு நல்லதல்ல. உளவியலாளர்கள் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தில் இருந்தவர்களுக்கு, தங்கள் காரியங்களைத் தாங்களே முடிவு செய்யச் சொல்லி, ஆளுக்கொரு செடியையும் வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது பணியாளர்கள். சில வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் காணப்பட்டார்கள். எனவே அழகான பூங்காவைக் காட்டினால், அதில் நாங்கள் மண்ணைக் கொத்தலாமா என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகள் எத்தனை நாள் தங்க அனுமதி என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் அதற்கு விதி உண்டு. மாதப் பராமரிப்புக் கட்டணம் எந்த அடிப்படையில் ஏறும், எங்களில் ஒருவர் படுத்துவிட்டால் அல்லது இல்லாமல் போனால் மற்றவர் அதே வீட்டில் தொடரலாமா என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

எல்லோரும் முதியவர்களாகவே இருப்பதும் எனக்கு உவப்பாக இல்லை. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹியூமானிட்டாஸ் என்ற முதியோர் இல்லம் மாணவர்களுக்கு வாடகை வாங்காமல் அறை கொடுக்கிறது. மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக இருந்தால் போதும். இப்படி இளையவர்கள் புழங்கும் இடம் அமைந்தால் நான் யோசிப்பேன்.

இருக்கிற வீட்டிலேயே

பழகிய வீட்டில் இருட்டிலும் கை தானாக விளக்குச் சுவிட்சுக்குப் போகும். அக்கம்பக்கம் தெரியும், மருத்துவருக்கு நம் உடம்பு தெரியும். ஆகவே கிளம்புவதற்கு முன் இந்த வீட்டையே மாற்ற முடியுமா என்று கணக்குப் போடுவது நியாயம்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். கண்ணும் மாறிவிடுகிறது: 20 வயதில் விழித்திரைக்குக் கிடைத்த வெளிச்சத்தில் 60 வயதில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். முதலில் விளக்குகளைக் கூட்டுங்கள். மலிவான வேலை, பலன் அதிகம். குளியலறையில் வழுக்கினால் கை பிடிப்பது துண்டு மாட்டும் கம்பியைத்தான், அது ஆள் எடையைத் தாங்காது. சுவருக்குள் உறுதியாகப் பொருத்திய கைப்பிடி வேண்டும். வாசலையும் அளந்து பார்த்துவிடுங்கள். சக்கர நாற்காலிக்கான சரிவு 1-க்கு 12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 15 செ.மீ. உயரப் படி இரண்டு இருந்தாலே 3.6 மீட்டர் நீளச் சரிவு தேவை. எங்கள் வாசலில் அதில் பாதி நீளம்கூட இல்லை. குளியலறையிலோ நாற்காலி திரும்புவதற்கான 1.5 மீட்டர் வட்டம் கிடைக்கவே கிடைக்காது. படுக்கையறை மாடியில். இந்த வீட்டைப் பொறுத்தவரை முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது.

பிடித்த ஊர்

விடுமுறைக்குப் போன மலை ஊரிலோ கடலோரத்திலோ குடியேறுவது இனிய கனவு. கோடையில் உறவுகள் எல்லாம் அங்கே வந்து குவிவார்கள். மற்ற மாதங்களில் யாரும் வர மாட்டார்கள், மருத்துவமனையும் தொலைவில் இருக்கும். சீசன் இல்லாத காலத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகும் ஆசை இருந்தால் தாராளமாகப் போகலாம்.

வாங்குவதா, வாடகையா?

கோடையில் பார்த்த வீட்டை அந்தக் கோடையிலேயே வாங்காதீர்கள் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வெயில் காலத்தில் மேற்குச் சுவரின் சூடு தெரியும், தண்ணீர்ப் பற்றாக்குறை தெரியும். கூரை ஒழுகலும் சுவரின் ஓதமும் தெரியாது. எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு வீட்டில், பின்பக்கப் படிகளின் ஓரமாகக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. காய்ந்த பாசி. நாலு மழை பெய்தால் அந்தப் படி முழுக்க வழுக்கும்.

பழைய வீட்டை உடனே விற்காமல், புதிய இடத்தில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பதில் செலவு கூடும்தான். ஆனால் வீட்டை வாங்கிவிட்டு, ஒத்துவராமல் திரும்ப விற்று வெளியே வருவதற்கு ஆகும் செலவும் அலைச்சலும் அதைவிடப் பெரியவை. அந்த வயதில் இரண்டு முறை சாமான் கட்டுவதே தண்டனை.

நாங்கள் மகள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தரைத்தளத்தில், சிறிய கூடமுள்ள வீடு ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். பின்பக்க அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. அது மனைவியின் தையலுக்கு. எனக்குச் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு பாத்தி. பேரப்பிள்ளைகளை வாரத்தில் எந்த நாள் பார்த்துக்கொள்வது என்பதையும் மகளிடமும் மருமகனிடமும் பேசி முடிவு செய்துவிட்டோம். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. அதற்குள் மழையும் குளிரும் ஒரு சுற்று வந்துவிடும், வாங்குவதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.