லாமிங்டன் ரோட்டுத் திருப்புளி செட்: கேமராவுக்குத் தாங்குமா?

மும்பையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் 350 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கறுப்பு டப்பா திருப்புளி செட்டை மொபைல் திறக்க என்றால் தாராளமாக வாங்கலாம். டிஜிட்டல் கேமரா திறக்க என்றால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். கூடவே ஜப்பான் முனைத் திருப்புளி ஒன்று வேண்டும். அது ஒன்றே செட்டின் விலையைவிட அதிகம், ஆனாலும் வேண்டும்.

கேமரா என்னுடையதுதான். பெண் பிறந்த சமயத்தில் வாங்கிய சின்ன பாயின்ட் அண்ட் ஷூட். இப்போது அவள் காலேஜ். போனை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மாதிரி பழைய கேமராவில் ஃபிளாஷ் போட்டு எடுப்பதுதான் அவர்கள் கூட்டத்தில் ஃபேஷனாம். பீரோவிலிருந்து எடுத்துச் சார்ஜ் ஏற்றி ஆன் செய்தால், லென்ஸ் பாதி தூரம் வந்து கரகரவென்று முனகும், லென்ஸ் எரர் என்று காட்டும், அணைந்துவிடும். கடைசியாக அது போய்வந்த இடம் ஜுஹு பீச். காரணம் கேட்க ஜோசியரிடம் போக வேண்டியதில்லை.

சர்வீஸ் சென்டரில் மாடல் நம்பரைச் சொன்னதுமே "பார்ட்ஸ் வராது மேடம்" என்றார்கள். ஃபோர்ட்டில் போரா பஜார் பக்கம் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர், முழு லென்ஸ் யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு இதே கேமரா செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அவரையும் குறை சொல்ல மாட்டேன், கண் வலிக்கிற வேலை அது.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் லாமிங்டன் ரோடு. பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்றிருக்கும், டாக்சிக்காரர் உட்பட யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கடையில் நான் இந்தியில் தட்டுத்தடுமாறி ஆரம்பிக்க, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பையன் "தமிழா அக்கா?" என்றான். தாராவிப் பையன்.

"எதுக்குக்கா, மொபைலுக்கா?"

"கேமராவுக்கு தம்பி."

"அப்ப இதையும் சேத்து எடுத்துக்கோங்க. அந்த செட்டை மட்டும் வச்சுக்கிட்டு கேமராவத் தொடாதீங்க."

வெசல் என்ற ஜப்பான் கம்பெனியின் ஒற்றைத் திருப்புளியை எடுத்து வைத்தான். வியாபார சாமர்த்தியமாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு முனையையும் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. செட்டில் இருப்பது பிலிப்ஸ் முனை. ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜிஸ் என்கிற ஜப்பான் தர ஸ்க்ரூ. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே கூட்டல் குறிதான். ஆனால் பிலிப்ஸ் முனையில் நான்கு சிறகும் சேருகிற மூலை கொஞ்சம் உருண்டையாக, பருமனாக இருக்கும். ஜிஸ் முனையில் மூலை கூர்மை. பருமனான முனை பள்ளத்தின் அடிவரை இறங்காது, மேலேயே தொங்கி நிற்கும். திருகினால் நழுவி வெளியே ஏறும், ஏறும்போது ஸ்க்ரூ தலையைச் சுரண்டிவிட்டுத்தான் ஏறும். எள் அளவு ஸ்க்ரூவில் தலை மழுங்கினால் அதற்கப்புறம் கேமரா திறக்காது.

சோதித்துப் பார்க்க, அடிப்பக்கத்து ஸ்க்ரூ ஒன்றில் மட்டும் செட்டின் முனையை வைத்து லேசாகத் திருப்பினேன். வழுக்கல் கையிலேயே தெரிந்தது. ஜப்பான் முனையை வைத்து நன்றாக அழுத்தித் திருப்பினேன், டக்கென்று விட்டுக்கொடுத்தது. மீதி ஸ்க்ரூ எல்லாம் அதோடுதான்.

திறக்கும் முன் முயன்று பார்க்க வேண்டியவையும் உண்டு. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்வது, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ப்ளோயரால் ஊதுவது, குழலைச் சுற்றி மெல்லிய காகிதத்தை விட்டுச் சுற்றுவது. எனக்குக் கொஞ்சம் மணல் உதிர்ந்தது, எரர் போகவில்லை.

இப்போது ஃபிளாஷ் விஷயம். இதைப் படிக்காமல் யாரும் கேமராவைத் திறக்கக் கூடாது. ஃபிளாஷுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் கணு அளவில் உருளையாக ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், நம் வீட்டு ஃபேனில் கண்டென்சர் என்போமே, அந்த ஜாதி. அதில் ஏறக்குறைய 300 வோல்ட் ஏறி நிற்கும். பேட்டரியைக் கழற்றினாலும் உடனே இறங்காது. திருப்புளியால் இரண்டு காலையும் இணைத்துப் பொறி பறக்கவிடும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. போர்டும் போகும், திருப்புளி முனையும் போகும். அதே கடையில் சில்லறைக் காசுக்கு 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வாங்கி, கால்களுக்கு இன்சுலேஷன் குழாய் மாட்டி, கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் சில நொடி வைத்துப் பிடித்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அப்புறமும் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பார்த்த பிறகே விரல். மீட்டர் இல்லாதவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

இனி செட்டின் மற்ற சாமான்கள். மூடியைப் பிரிக்கும் பிளாஸ்டிக் நெம்பு அருமை. பக்கவாட்டுக் கிளிப்பெல்லாம் கீறல் விழாமல் விட்டது. இடுக்கி மட்டம். இரண்டு முனையும் ஒன்றுசேரவில்லை, ரிப்பன் கேபிளின் பூட்டைத் தூக்கப் போனால் ஆடுகிறது. அந்தப் பூட்டு நகக்கண் அளவுதான், அதைத் தூக்கிவிட்ட பிறகே கேபிளை உருவ வேண்டும், இழுத்தால் கிழியும். நான் புருவம் எடுக்கும் பிளக்கரை வைத்துச் சமாளித்தேன். கைப்பிடியில் இருக்கும் காந்தம் சுமார். ரப்பர் உறிஞ்சி எதற்கென்று தெரியவில்லை, குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம். டப்பாவில் ஸ்க்ரூ வைக்கக் குழி கிடையாது என்பதுதான் பெரிய குறை. கேமராவில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒவ்வொரு நீளம். ஒரு தாளில் கேமராவின் படத்தை வரைந்து, இருபக்க டேப் ஒட்டி, கழற்றிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு போனேன். மும்பை மழைக்காலத்தில் ஃபேன் போடாமல் இதைச் செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் யூனிட்டைத் தூக்கினால் பக்கத்தில் ஜூம் மோட்டாரும் அதன் வெள்ளைப் பல்சக்கரங்களும் தெரிகின்றன. கடைசிச் சக்கரத்தைப் பல்குச்சியால் நகர்த்தினேன். கால் சுற்று போய் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு பல்லுக்கு நடுவில் ஒரே ஒரு மணல், கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு. அதை எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் மற்ற பற்களையும் துடைத்தேன். எண்ணெய் ஸ்ப்ரே எதையும் அங்கே காட்டாதீர்கள், கசிந்து லென்ஸில் படரும்.

லென்ஸ் இப்போது முழுசாக வருகிறது, போகிறது. ஜூம் சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம். பேட்டரியைக் கழற்றும்போதெல்லாம் தேதி 2007 ஜனவரி 1-க்குப் போய்விடுகிறது, போர்டில் இருக்கும் பொத்தான் செல் செத்துவிட்டது. சாலிடர் வேலை என்பதால் விட்டுவிட்டேன். பெண்ணுக்கு அந்தத் தப்புத் தேதிதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்று பழைய கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: படம் ஊதா நிறத்தில் கோடு கோடாகவோ ஒரேயடியாகக் கறுப்பாகவோ வந்தால் எடுக்காதீர்கள். சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்கள் (படத்தைப் பிடிக்கும் சிப்) வெக்கையிலும் ஈரத்திலும் உள்ளே இணைப்பு விட்டுப்போய் இப்படி ஆகின்றன என்று 2005-இல் பல கேமரா கம்பெனிகள் அறிவித்தன. வெக்கைக்கும் ஈரத்துக்கும் இந்த ஊரில் பஞ்சமா? அது திருப்புளிக்கு அடங்கும் நோய் இல்லை.

செட்டுக்கு ஐந்துக்கு மூன்று, ஜப்பான் திருப்புளிக்கு ஐந்துக்கு ஐந்து. வாங்கும்போது டப்பாவைக் கடையிலேயே திறந்து இடுக்கியின் முனை சேர்கிறதா என்று பாருங்கள், வெளியே வந்துவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.