கண்மாய் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா? கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஊருணி, கண்மாய் தூர்வார வெளியூர்ப் பெரிய சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனங்கள் களப்பணிக்கு ஆள் எடுக்கின்றன. ஊருக்கு வேண்டிய வேலைதான். ஆனால் அப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்த நம் பகுதிப் பிள்ளைகளின் பணம் இன்னும் நிலுவையில் நிற்கிறது. மாட்டிக்கொண்ட விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேர்காணலில் "மாதம் 25,000 சம்பளம்" என்பார்கள். கைக்கு வரும் தாளில் "ஆலோசகர் ஒப்பந்தம்" என்று இருக்கும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) போக 22,500தான் வங்கியில் ஏறும். பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். ரிட்டர்ன் போட்டால் திரும்பும் என்பார்கள். பிடித்ததை அவர்கள் கட்டியிருந்தால்தானே திரும்பும்? வருமான வரித் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வரிக் கணக்கைப் பாருங்கள். வருகைப் பதிவு, மேலதிகாரி, விடுப்புக்கு அனுமதி எல்லாம் உண்டென்றால் நீங்கள் ஊழியர் என்று வாதாட இடமுண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் பி.எஃப். சட்டத்துக்குள் வரும். உங்கள் சம்பளத்துக்கு பி.எஃப். உண்டா என்று சேருமுன்பே கேளுங்கள்.

இதைவிட மோசம் ரொக்கம். ஜேசிபிக்காரர் சாயங்காலம் கையில் காசு கேட்பார். தலைமையகம் "இப்போதைக்கு நீங்கள் கொடுங்கள், பில் அனுப்புங்கள்" என்னும். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது தொண்டு நிறுவனத்தின் செலவாக ஏறாது. ஆகவே தணிக்கையில் பில் திரும்பி வரும், உங்கள் காசு போய்விடும். "மூன்று நாள் தேதி போட்டுப் பிரித்து எழுதுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுதவே எழுதாதீர்கள். அந்தப் பொய் வவுச்சரில் இருப்பது உங்கள் கையெழுத்து. வண்டிக்காரரின் வங்கிக் கணக்கை வாங்கித் தலைமையகத்துக்கு அனுப்பி, அங்கிருந்தே நேரே போடச் சொல்லுங்கள். ஜேசிபியின் மணி மீட்டரைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது மரக்கன்று. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை மார்ச் 31க்குள் செலவு செய்துவிடத் துடிப்பார்கள். ஐப்பசி மழையில் வைக்க வேண்டிய கன்றைப் பங்குனியில் வைக்கச் சொல்வார்கள். செம்புரான் பாறையில் கடப்பாரை இறங்காது. இரண்டடிக் குழி என்று கணக்கெழுதுவார்கள், அரையடிகூட இருக்காது. அடியில் வேர் போக வழியில்லை, மேலே தண்ணீர் லாரிக்குப் பணமில்லை. சித்திரையில் காயும். பிழைத்த கன்றின் எண்ணிக்கை குறைந்ததென்று உங்கள் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார்கள். எந்த மாதம் நட்டால் பிழைக்கும், கோடையில் எத்தனை நடை தண்ணீர் வேண்டும் என்பதை நடுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவை மட்டும் நம்பாதீர்கள்.

அனுமதி ஆணையின் நகல் கையில் இல்லாமல் கண்மாய்க்குள் வண்டி இறக்காதீர்கள். ஆயக்கட்டு (பாசன நிலம்) 100 ஏக்கருக்கு மேற்பட்ட கண்மாய் நீர்வளத் துறையுடையது. சின்னக் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது. அனுமதியில்லாமல் மண் அள்ளினால் வண்டியைப் பிடிப்பார்கள், களத்தில் நிற்கும் ஆள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அசல் சான்றிதழ் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

ஏற்கெனவே பணம் நிற்கிறதென்றால் ஒப்பந்தம், பில் நகல், அனுப்பிய மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். நோட்டீஸ் விட்டதால் கெடு நீளாது: பணம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.