வீட்டில் மாறுவேட உடை: கைத்தையலா, மிஷினா, க்ளூ கன்னா?

குழந்தையின் நாடகத்துக்கோ மாறுவேடப் போட்டிக்கோ வீட்டிலேயே உடை செய்ய மூன்று வழிகள் உண்டு. கையால் தைக்கலாம், மிஷினில் ஓட்டலாம், பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னால் ஒட்டலாம். எது சீக்கிரம் முடியும், எது பார்க்க நன்றாக இருக்கும் என்றுதான் பொதுவாக ஒப்பிடுவார்கள். நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். அடுப்பில் பால் பொங்கினாலோ, உள்ளே படுத்திருக்கும் பிள்ளை இருமி எழுந்தாலோ, கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓட முடியுமா? உடை தைக்கிற வாரத்திலும் சமைத்தாக வேண்டும், காய்ச்சலும் வரும். அதனால் இந்தக் கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது.

வேகத்தில் மிஷினுக்குப் போட்டியே இல்லை. 60 செ.மீ. நீளமுள்ள அரைவட்ட மேலங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ்விளிம்பு மட்டுமே 2 மீட்டரைத் தாண்டும். கையால் 3 மி.மீ. பேக் ஸ்டிச் (ஒவ்வொரு முறையும் ஊசி பின்னால் போய் முன்னே வரும் தையல்) போட்டால் ஒரு மீட்டருக்கு 330-க்கு மேல் குத்த வேண்டும். விளிம்பு முடிவதற்குள் 700 ஆகிவிடும், விரலும் வலிக்கும். மிஷினில் இது சில நிமிட வேலை. பக்கத் தையல், பேன்ட்டின் கவட்டுத் தையல் போன்ற இழுபடும் இடங்களுக்கும் மிஷின்தான் சரி. குழந்தைகள் உடையைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்க மாட்டார்கள், குதிப்பார்கள்.

ஆனால் மிஷின் சத்தம் போடும். காய்ச்சலில் இப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை அடுத்த அறையில் இருந்தால் மிஷினைத் தொட மனசு வராது. வழுக்கும் சாட்டின் துணி என்றால் பாதித் தையலில் விட்டுவிட்டு எழுந்து போவதும் தொல்லை. திரும்பி வருவதற்குள் மேல்துணி நகர்ந்திருக்கும், பிரித்துத்தான் தைக்க வேண்டும். இன்னொரு விஷயம், தைப்பவருக்கே சளி என்றால். சளிக்குப் போடும் சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். இயந்திரங்களை இயக்க வேண்டாம் என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். தையல் மிஷினும் அதில் சேர்த்திதான். அன்றைக்கு வெட்டுவதும் ஓட்டுவதும் வேண்டாம், ஓய்வெடுங்கள்.

க்ளூ கன் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. குறைந்த சூட்டு வகையே 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும், அதிகச் சூட்டு வகை 190-ஐத் தொடும். உருகிய பசை தோலில் விழுந்தால் உதறினாலும் போகாது, ஒட்டிக்கொண்டே சுடும். அப்படிப் பட்டுவிட்டால் பசையைப் பிய்க்காமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். சூடேறிய கன்னை மேஜையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால், அந்த நேரம் பார்த்து ஒரு சின்னக் கை அதைத் தேடி வரும். இளைப்பு, இருமல் உள்ள பிள்ளை இருக்கும் அறையில் அந்த வாடையும் வேண்டாம். ஒட்டிய இடம் விறைப்பாகி உள்பக்கம் தோலை உரசும். பிறகு இஸ்திரி போட்டால் பசை மறுபடி உருகிவிடும்.

அதற்காக அதை ஒதுக்கியும் விட முடியாது. அட்டைக் கிரீடம், தெர்மாகோல் கொம்பு, இறக்கையின் கம்பி என்று ஊசி நுழையாத பொருள்களுக்கு அதுதான் கைகொடுக்கும். (தெர்மாகோலுக்குக் குறைந்த சூட்டு வகைதான், மற்றது அதை உருக்கிக் குழியாக்கிவிடும்.) அத்தனையையும் ஒரே அமர்வில், குழந்தைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் முடித்துவிட்டு கன்னை அணைத்துவிடுங்கள்.

கைத்தையல் மெதுவானதுதான். ஆனால் நான் சொன்ன அந்தக் கேள்விக்கு அது ஒன்றுதான் முழுசாகப் பதில் சொல்கிறது. குத்திய ஊசியைத் துணியிலேயே செருகிவிட்டு எழுந்து போகலாம், வந்து அதே இடத்தில் தொடரலாம். காய்ச்சல் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, இடையில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தைக்கலாம். ஊசியை மட்டும் எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். படுக்கையில் விழுந்த ஊசி கண்ணுக்குத் தெரியாது. குண்டூசியை வாயில் கவ்வும் பழக்கம் எப்போதுமே ஆபத்து, இருமலும் தும்மலும் இருக்கும்போது சொல்லவே வேண்டாம்.

கையால் தைப்பதாக இருந்தால் துணி விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் வேண்டும். ஃபெல்ட் என்பது இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி. அது நெய்த துணி இல்லை என்பதால் வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். சாட்டினோ வெட்டிய நிமிடத்திலிருந்து நூல் நூலாகப் பிரியும். அதைக் கையால் அடக்குவது பெரும்பாடு.

படுத்திருக்கும் குழந்தையை எழுப்பி அளவெடுக்க வேண்டாம். பொருத்தமான பழைய சட்டை ஒன்றைத் துணிமேல் விரித்து, சுற்றிலும் 1.5 செ.மீ. தையலுக்கு விட்டு வெட்டினால் போதும். கழுத்தை மட்டும் கவனியுங்கள். கழுத்துக்குச் சரியாக இருக்கும் வட்டத்தில் தலை நுழையாது. இழுபடாத துணி என்றால் பின்பக்கம் ஒரு பிளவு விட்டு கொக்கியோ வெல்க்ரோவோ வையுங்கள். மேலங்கிக்கு நாடா முடிச்சு வேண்டவே வேண்டாம். எங்காவது மாட்டி இழுத்தால் முடிச்சு கழுத்தை இறுக்கும், வெல்க்ரோ பிரிந்து கொடுக்கும். எந்த வழியில் செய்த உடையானாலும் அதைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் வர விடாதீர்கள். மெல்லிய பாலியஸ்டர் தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நான் செய்வது இந்த மாதிரி. நீளத் தையல்களை வீடு விழித்திருக்கும் பகலில் மிஷினில் ஓட்டிவிடுவேன். வால், காது, பொட்டு, பட்டன் எல்லாம் கைக்கு வரும். மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் கைத்தையலை எடுப்பேன், மேலங்கியின் நீளத்தைக் குறைத்துக்கொள்வேன். நாளைக்கே வேண்டும், வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்ற நிலை வந்தால் புது உடையே வேண்டாம். இருக்கிற ஒற்றை நிறச் சட்டையில் ஃபெல்ட்டில் வெட்டிய புள்ளிகளையோ வரிகளையோ சாதாரண ஓடு தையலில் பெரிது பெரிதாகத் தைத்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் நூலை உருவினால் சட்டை பழையபடி கிடைக்கும்.