த்ராட்டில் பாடி க்ளீனர் ஸ்பிரே: என் ஆல்டோவில் போட்டுப் பார்த்தது

மே மாதம் அம்மாவை ஜிப்மர் செக்கப்புக்குக் கூட்டிப் போகும்போது, புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பச்சை விழுந்துவிட்டது, பின்னால் பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. ஏசியை அணைத்து, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி சாவியைத் திருப்பினதும் பிடித்துக்கொண்டது. "ஏசி வேணாம்டி, கண்ணாடிய எறக்கிக்கிறேன்" என்றார் அம்மா. அந்த வெயிலில் அவரை அப்படி உட்கார வைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

2009 ஆல்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர். செம்மண்டலத்தில் வீடு, மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடம். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். கரி படிய இது போதும். ஒரு வொர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்காமல் டீகார்பனைசிங்குக்கு (இன்ஜின் கரியை நீக்குவது) 4,800 ரூபாய் கேட்டார்கள். எங்கள் தெருவில் முன்பு மெக்கானிக்காக இருந்த அண்ணன் ஒருவர், "மொதல்ல த்ராட்டில் பாடிய தொறந்து பாரும்மா, அப்பறம் செலவு பண்ணலாம்" என்றார். இன்ஜினுக்குள் காற்று போகும் வாய்தான் த்ராட்டில் பாடி.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்பிரே டப்பா 390 ரூபாய். வாங்கும்போது கம்பெனி பெயரைவிட, ஆக்சிஜன் சென்சாருக்கு (புகையில் ஆக்சிஜனை அளப்பது) கெடுதல் இல்லை என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

ஞாயிறு காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆரம்பித்தேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்தி இழுத்ததும் த்ராட்டில் வாய் தெரிந்தது. நடுவில் காசு மாதிரி பித்தளைத் தகடு, அது உட்காரும் விளிம்பைச் சுற்றிக் கண்மை அப்பினதுபோல் கறுப்பு வளையம். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இந்த விளிம்பு இடுக்கிலும் பக்கத்துச் சின்னத் துளையிலும்தான் காற்று உள்ளே போக வேண்டும். அதுவும் அடைபட்டு, ஏசி கம்ப்ரஸர் பாரமும் ஏறினால் இன்ஜின் மூச்சு நின்றுபோகும்தானே.

ஸ்பிரேயை நேராக உள்ளே பீய்ச்சவில்லை. பழைய டூத் பிரஷிலும் பனியன் துணியிலும் அடித்துத்தான் தேய்த்தேன். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை, அதனால் வாசலில் வைத்துத்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் விளக்கு, பீடி எதுவும் கூடாது. பெயின்ட்டில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். மூன்றாவது துணியில்தான் கறுப்பு வருவது நின்றது. கேபிள் வைத்த த்ராட்டில் என்பதால் தகட்டைக் கையால் திறக்க முடிந்தது. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியில் அதை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பல் சக்கரம் போய்விடும். ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) இருந்தால் அதன் மேல் இந்த ஸ்பிரே படவே கூடாது, அதற்குத் தனி க்ளீனர் இருக்கிறது.

முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டினேன். நாலாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது, கொஞ்ச நேரம் ரேஸ் ஆகியே ஓடி அப்புறம் அடங்கியது. ஏசி போட்டேன், ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை ஜிப்மர் போய் வந்தாயிற்று, எந்தச் சிக்னலிலும் வண்டி ஆஃப் ஆகவில்லை.

குறை ஒன்று உண்டு. சிவப்புக் குழல் நாசிலில் நிற்பதே இல்லை, இரண்டு முறை தெறித்து விழுந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

இந்த ஸ்பிரே வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போகாது. அதற்காக, கரியைக் கரைக்கும் பாலிஈதர் அமின் கலந்த பெட்ரோல் அடிட்டிவ் ஒரு பாட்டில், புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை பங்க்கில் டேங்க் நிரப்பும்போது ஊற்றினேன் (கடலூர்க்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அங்கே லிட்டருக்கு விலை குறைவு). எங்கள் வண்டியில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகிறது, அதனால் கழுவிக்கொண்டு போகும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் புது இன்ஜின்களில் வால்வுக் கரிக்கு இது உதவாது. பிக்கப்பில் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை. ஸ்பிரேயைத் தயங்காமல் வாங்குவேன், அடிட்டிவ்வை வருடத்துக்கு ஒரு தடவை போதும் என்று நினைக்கிறேன்.

டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம். டிக்கியில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து. நான் மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்திருக்கிறேன்.