ஃபேமிலிசர்ச்: கப்பலேறிப் போன பங்காளியின் வீட்டை அடையாளம் காட்டிய இலவசச் சேவை

என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதும், அவர் இளம் வயதிலேயே வட ஆர்க்காட்டை விட்டுச் சென்னைக்குப் போய்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு (இன்றைய க்வாசுலு-நடால்) கப்பலேறிவிட்டார் என்பதும் எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. அவருக்கு அங்கே குடும்பம் இருந்ததா, பிள்ளைகள் உண்டா, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளாக ஃபேமிலிசர்ச் என்னும் இணையச் சேவையைப் பயன்படுத்தி அந்தக் கிளையைத் தேடி வந்தேன். இப்போது டர்பனில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். தமிழ்க் குடும்பத்துக்கு இந்தச் சேவை எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் நம் வழக்கத்துக்கு ஏற்ப அதை வளைத்துக்கொள்ள வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் சேவையைப் பற்றிச் சில வார்த்தைகள். இதற்குக் கட்டணம் இல்லை. மின்னஞ்சல் முகவரி இருந்தால் கணக்குத் தொடங்கிவிடலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை இதை நடத்துகிறது. 1894 இல் அந்தச் சபை தொடங்கிய வம்சாவளிக் கழகம், 1938 முதல் உலகெங்கும் உள்ள பதிவேடுகளை நுண்படச்சுருள்களில் படம்பிடித்து, சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய காப்பறையில் சேர்த்து வைத்தது. ஏறத்தாழ 24 லட்சம் சுருள்களையும் மின்னுருவாக்கும் வேலை 2021 இல் முடிந்தது. ஹரித்வாரில் பண்டாக்கள் எனப்படும் புரோகிதர்கள் எழுதி வைத்த வம்சாவளிப் பேரேடுகள்கூட இந்தச் சேகரிப்பில் இருக்கின்றன. ஆனால் எல்லாச் சுருள்களையும் வீட்டிலிருந்தே பார்த்துவிட முடியாது. ஆவணத்தின் உரிமையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்து, சிலவற்றை அந்த அமைப்பின் மையங்களிலோ இணைப்பு நூலகங்களிலோ மட்டுமே திறக்க முடியும்.

சேவையின் மையம் அதன் குடும்ப மரம். கட்டணத் தளங்கள் பலவற்றில் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு மரம் வளர்ப்பார்கள். இங்கே உலகத்துக்கே ஒரே மரம், இறந்துபோன ஒருவருக்கு ஒரே பக்கம், அதை எந்த உறுப்பினரும் திருத்தலாம். இதில் நன்மையும் உண்டு, கவலையும் உண்டு. நீங்கள் இங்கிருந்து ஒரு கிளையை எழுதிக்கொண்டு போகும்போது கடலுக்கு அப்பாலிருந்து வேறொருவர் அதே கிளையை எழுதிக்கொண்டு வந்தால், இருவரும் ஒரே மனிதரின் பக்கத்தில் சந்தித்துக்கொள்ள வழியிருக்கிறது. அதே காரணத்தால், ஆதாரத்தை இணைக்காமல் நினைவை மட்டும் நம்பி எழுதிய பக்கத்தை இன்னொருவர் நல்ல எண்ணத்தோடேயே மாற்றிவிடக்கூடும். திருத்தங்களின் வரலாறு முழுவதும் பதிவாகிறது, பழைய நிலைக்கு மீட்கலாம் என்றாலும், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆவணத்தையாவது இணைத்து, இன்னாரிடம் கேட்டது என்று காரணத்தையும் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

தமிழருக்கு உண்மையான சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. இந்த மரம் முன்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களை நம்பிக் கட்டப்பட்டது. நமக்கோ குடும்பப்பெயர் என்பது பெரும்பாலும் இல்லை; தகப்பனார் பெயரின் முதலெழுத்து, சில ஊர்களில் ஊர்ப்பெயரின் எழுத்தும் சேர்ந்த தலைப்பெழுத்து, அவ்வளவுதான். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். போதாக்குறைக்குப் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பதால் (பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குகிறவன் என்பதுதானே) ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டுப் பட்டியலில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துக் காட்ட நான் கடைப்பிடித்த வழி இதுதான்: குடும்பப்பெயர்க் கட்டத்தில் தகப்பனாரின் முழுப்பெயரை இட்டேன், அழைத்த பெயரைத் தமிழ் எழுத்திலும், வீட்டில் வழங்கிய பட்டப்பெயரையும் மாற்றுப்பெயர்ப் பகுதியில் சேர்த்தேன், ஊர், தாலுகா, ஜில்லா மூன்றையும் விடாமல் எழுதினேன்.

தேடும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நேட்டாலுக்குப் போனவர்களின் பெயர்கள் அங்கே இரண்டு விதமாகக் குடும்பப்பெயர்களாக உறைந்தன. சிலருக்குத் தகப்பனாரின் பெயரே நிலைத்துவிட்டது. முனுசாமியின் மகன் என்றால் அந்த வம்சமே 'மூன்சாமி' ஆயிற்று. சிலருக்குச் சாதிப்பட்டம் நிலைத்தது. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார், பிள்ளை 'பில்லே' ஆனார். ஆகவே ஒரே மனிதரைத் தகப்பனார் பெயரோடு ஒரு முறையும், பட்டத்தோடு ஒரு முறையும் தேட வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாத இடத்தில் உடுக்குறியையோ (*) கேள்விக்குறியையோ (?) போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. எனக்கு அது மிகவும் கைகொடுத்தது. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தமிழே தெரியாத ஓர் எழுத்தர் அதை எப்படி எழுதியிருப்பார் என்று பத்துப் பன்னிரண்டு விதமாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் தேட உட்காருவேன்.

என் தேடலுக்கு முதல் பிடி கிடைத்தது கணினியில் இல்லை. பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியில். 1911 ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று, மடிப்புகளில் கிழிந்து, ஓரங்கள் பொடிந்து கிடந்தது. அதில் எங்கள் கொள்ளுத்தாத்தா, 'என் தமையனார் அக்கரைச்சீமை போய் இருபது வருஷங்களுக்கு மேலாகியும் யாதொரு தகவலும் இல்லாதபடியால்' என்று எழுதி, அண்ணனின் பெயரையும் தகப்பனாரின் பெயரையும் குறிப்பிட்டிருந்தார். பழைய பத்திரங்களில் எவரையும் 'இன்னாரின் குமாரர்' என்று சொல்லாமல் விடமாட்டார்கள். வம்சாவளி தேடுபவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆகவே வீட்டிலுள்ள பத்திரங்கள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிக் கடிதங்கள் எல்லாவற்றையும் படம்பிடித்து, வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே கணக்குத் தொடங்குங்கள் என்று சொல்வேன்.

நேட்டால் பக்கத்தில் ஆவணங்கள் வியக்கத்தக்க அளவுக்கு இருக்கின்றன. சென்னையிலிருந்து 342 பேரோடு புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல், 1911 இல் ஒப்பந்தக்கூலி முறைக்கு ஆளெடுப்பது நிற்கும் வரை, 1,52,184 பேர் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எனக் கப்பல்வாரியாகப் பட்டியல் எழுதினார்கள். அந்தப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்த தரவுத்தளத்தைக் க்வாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் வைத்திருக்கிறது. ஃபேமிலிசர்ச் தளத்திலோ அதற்கு அடுத்த கட்ட ஆவணங்கள் உள்ளன: க்வாசுலு-நடால் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துரிமைக் கோப்புகளும். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் எழுதப்படும் இறப்பு அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். ஒரே தாளில் மூன்று தலைமுறை. கப்பல் பட்டியல் ஊரைத் தரும். இறப்பு அறிவிப்பு வம்சத்தைத் தரும். இரண்டும் சேர்ந்தால்தான் பாலம் முழுமையாகும்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன், சொல்லிவிடுகிறேன். பெயரும் தகப்பனார் பெயரும் ஜில்லாவும் பொருந்திய ஒரு பதிவைக் கண்டதும் மகிழ்ச்சியில் அதையே எங்கள் முன்னோர் என்று மரத்தில் இணைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வயதைக் கணக்கிட்டபோது அவர் எங்கள் கொள்ளுத்தாத்தாவைவிட ஆறு வயது இளையவராக இருந்தார். அண்ணன் எப்படித் தம்பியைவிட இளையவராவார்? தாலுகாவும் எங்கள் போளூர் இல்லை. இணைப்பை நீக்கி, காரணத்தையும் எழுதி வைத்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, கிராமம் ஆகிய நான்கும் பொருந்தாமல் யாரையும் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது. இன்னொரு குடும்பத்தின் முப்பாட்டனை நாம் எடுத்துக்கொண்டுவிட்டால் அந்தக் குடும்பம் அவரைத் தேடி வரும்போது குழம்பித் தவிக்கும்.

சரியான பதிவு வேறு வழியில் வந்தது. டர்பனில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவின் பக்கத்தில் காலனி எண்ணையும், கப்பல் பட்டியலில் கண்டபடி கிராமத்தின் பெயரையும் எழுதி வைத்திருந்தார். எழுத்துக்கூட்டல் சிதைந்திருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர்தான். தளத்துக்குள்ளேயே செய்தி அனுப்பலாம், மின்னஞ்சல் முகவரியைக் காட்ட வேண்டியதில்லை. நான் அனுப்பிய முதல் செய்தியில் உறவு கொண்டாடவில்லை. பத்திரத்தின் படத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் அனுப்பி, உங்கள் வீட்டில் கும்பிடும் குலதெய்வம் எது என்று மட்டும் கேட்டேன். நான்கு நாள் கழித்து வந்த பதிலில் எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் அம்மனின் பெயர் இருந்தது. பிறகு காணொளியில் பேசினோம். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் பாட்டியை 'ஆயா' என்றுதான் சொன்னார். எங்கள் பக்கத்திலும் பாட்டி ஆயாதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உறவைச் சொல்லும் விஷயத்தில் இந்தத் தளம் நமக்குப் போதாது. இருவருக்கும் என்ன உறவு என்று கேட்டால் அது கோடு வரைந்து காட்டி 'தேர்ட் கசின்' என்கிறது. அவர் ஆண்வழியாகவே வந்தவர், நானும் அப்படியே. ஆகவே நாங்கள் பங்காளிகள், வயதில் மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா. அதே கிளையில் மகள் வழியாக வந்த ஒருவரும் எனக்குத் 'தேர்ட் கசின்' என்றே வருகிறார். அவர் எனக்கு மச்சான் முறை. அண்ணன் தம்பி எது, கொண்டான் கொடுத்தான் எது என்று பிரிக்காத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் வீட்டில் ஒரு பத்திரிகைகூட வைக்க முடியாது. எனவே ஒவ்வொருவரின் வாழ்க்கைக் குறிப்பிலும் முறையைத் தமிழிலேயே எழுதி வருகிறேன். இன்னொன்று: என் தாத்தா தம் சொந்த அக்காள் மகளையே மணந்தவர். அதனால் மரத்தில் மேலே போகப் போக ஒரே தம்பதி இரண்டு இடங்களில் வருவார்கள். அதைப் பிழை என்று நினைத்து யாரும் நீக்கிவிட வேண்டாம்.

மரபணுச் சோதனையையும் இதோடு செய்து பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஃபேமிலிசர்ச் அதைச் செய்வதில்லை. நான் வேறொரு கட்டண நிறுவனத்தில் எச்சில் மாதிரி அனுப்பிப் பார்த்தேன்; முடிவு வர நான்கு மாதமாயிற்று, ரத்து செய்த பிறகும் சந்தாவை ஒரு முறை பிடித்துக்கொண்டார்கள், திரும்பப் பெற அலைய வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக, முறைப்பெண்ணை மணக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உள்ள குடும்பங்களில் பகிர்ந்துகொண்ட மரபணுவின் அளவு கூடுதலாக இருக்கும். தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோல் தோன்றும். ஆவணம் இல்லாமல் அந்த எண்ணை மட்டும் நம்புவது நம் குடும்பங்களுக்குப் பொருந்தாது.

சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் உள்ளன. உயிரோடிருப்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதுவது பொதுவில் காட்டப்படுவதில்லை. ஆனால் இறந்தவர்களின் பக்கங்கள் எல்லாருக்கும் திறந்தவை. மற்றொன்று, இறந்த முன்னோர்களுக்காகத் தம் கோயில்களில் சடங்கு செய்வது அந்தத் திருச்சபையின் நம்பிக்கை. சபை உறுப்பினர்கள் தங்கள் சொந்த முன்னோர்களுக்கு மட்டும் அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. மனம் ஒப்பாதவர்கள் இதை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கட்டும். நான் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகே பெயர்களை ஏற்றினேன்.

உறவினர்கள் மொரிஷியசுக்குப் போனவர்களானால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஒப்பந்தக்கூலிப் பதிவேடுகளையும், ஃபிஜிக்குப் போனவர்களானால் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் குடியேற்றச் சீட்டுகளையும் சேர்த்துத் தேட வேண்டும். இந்தத் தளம் ஒன்றே போதாது. ஆனால் கிடைத்ததையெல்லாம் ஒரு முறையாகக் கோத்து வைக்க, செலவில்லாமல், இதைவிட நல்ல இடத்தை நான் இதுவரை காணவில்லை.

கப்பல் பட்டியலில் பெண்களுக்கும் தனித்தனி வரி உண்டு, அவர்களின் தகப்பனார் பெயரோடு. எங்கள் பெரிய கொள்ளுத்தாத்தாவின் எண்ணுக்கு அடுத்த எண்ணில் அவருடைய மனைவி இருக்கிறார். அப்படி ஒருவர் கூடப் போனது இங்கே யாருக்கும் தெரியாது; டர்பன் அக்காவுக்கும் அவர் வெறும் பெயர்தான், எந்த ஊர்ப் பெண் என்று தெரியாது. பெயரையும் தகப்பனார் பெயரையும் கிராமத்தையும் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'அது நம்ம ஏரிக்கரை வீட்டுக்காரங்க பொண்ணு' என்றார். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களிடம் அடுத்த வாரம் போகிறேன்.